கிருபாநிதி தட்டிய தூண்

தட்டிப் பார்ப்பவர் என்று ஓர் இனம் நம் மத்தியில் உலாவுகிறது. நீங்கள் சந்திக்காமல் இருந்திருக்க முடியாது. நீங்கள் பாடாய்ப்பட்டு ஒரு வீடு கட்டி, சொந்தபந்தத்தையெல்லாம் அழைத்து, பந்தி போட்டு ஓய்ந்து உட்காரும்போது, சாப்பிட்ட கை ஈரம்கூடக் காயாமல் நேரே சுவரோரம் போய், விரலை மடக்கி 'டொக் டொக்' என்று தட்டி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணை மூடி, சுவர் தம் காதில் ஏதோ குடும்ப ரகசியம் சொல்வது போலக் கேட்டுக்கொண்டு நிற்பாரே ஒருவர், அவர்தான். அவரை யார் கூப்பிட்டது? ஒருவரும் கூப்பிடவில்லை. சுவர் கூப்பிட்டதோ என்னவோ.

சுவரோடு விட்டாலும் பரவாயில்லை. சந்தையில் பானை, கடையில் தேங்காய், கரையில் கட்டிக்கிடக்கும் தோணி, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் முதுகு என்று எது கைக்கு எட்டுகிறதோ அதையெல்லாம் தட்டுவார். தட்டியபின் தீர்ப்புச் சொல்வார். தீர்ப்பு எப்போதும் நல்ல தீர்ப்பாகவே இருக்கும். பின்னே? கெட்டதாகச் சொன்னால் அடுத்த வீட்டில் யார் இவருக்குக் காப்பி கொடுப்பார்கள்?

இந்த இனத்தின் கொழுத்த மாதிரி ஒன்றைப் பார்க்க வேண்டுமானால், புதுத் துறைமுகம் திறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த தூத்துக்குடிக்கு நீங்கள் வர வேண்டும். அங்கே, கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் கிருபாநிதி குடியிருந்தார். பூர்வீகம் நாசரேத். கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு குமாஸ்தாவுக்குக் கட்டடம் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிடாதீர்கள், மனிதர் வருத்தப்படுவார். சொந்த ஊரில் கோயில் மதில் கட்டியபோது அவர்தான் கமிட்டிச் செயலாளர். மூன்று மாதம் குடை பிடித்துக்கொண்டு கொத்தனார் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அந்த மதில் இன்னும் நிற்கிறது. அதன்மேல் ஒரு காக்காயைத் தவிர வேறு எந்தப் பாரமும் இதுவரை உட்கார்ந்ததில்லை என்பதை நாம் ஏன் சொல்ல வேண்டும்?

அவர் தட்டுவதற்கு ஒரு முறை இருந்தது. முதலில் கட்டடத்தைக் கீழிருந்து மேலாக ஒரு பார்வை, மேலிருந்து கீழாக ஒரு பார்வை. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைப்பார். (ஏன்? கண் பார்த்தால் காது கெட்டுவிடுமாம்.) பிறகு சட்டைக் கையை ஒரு மடிப்பு மடிப்பார். "யாரு கட்டுனது?" என்று கேட்பார். யார் கட்டியது என்று சொன்னாலும் "ம்" என்பார். அப்புறம் மடக்கிய நடுவிரலின் கணுவான மொளியால் மூன்று தட்டு. நாலாவது கிடையாது. ஒரு நிமிஷம் மௌனம். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடமாட்டார்கள். கடைசியில் கண்ணைத் திறந்து சொல்வார்:

"நூறு வருசம்."

தொண்ணூறு என்று சொன்னதில்லை. நூற்றைந்து என்றும் சொன்னதில்லை. நூறு வருஷம் கழித்து யாரும் வந்து இதுவரை புகார் சொன்னதும் இல்லை. பிறகென்ன, பெயர் பரவிவிட்டது. கீழவைப்பாரிலிருந்துகூட ஆள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள். வீட்டுக்குத் திரும்பி வரும்போது அவருடைய மொளியில் ஒட்டியிருக்கும் சுண்ணாம்பின் நிறத்தைப் பார்த்தே, இன்று யார் வீட்டில் காப்பி குடித்தார் என்று அவர் மனைவி ஜெயபாய் சொல்லிவிடுவாள். மஞ்சள் என்றால் பள்ளிக்கூடத் தெரு. நீலம் என்றால் பவுல் வாத்தியார் வீடு.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சங்கு வந்து கெடுத்தது.

சங்கு வியாபாரி பர்னபாஸுக்குக் கடற்கரையில் ஒரு கொட்டகை உண்டு. கடலடிப் பாறைத்திட்டுகளான முத்துக்குளிக்கும் பார்களின் பக்கம் ஆட்கள் மூழ்கி எடுத்து வரும் சங்கெல்லாம் ஏலம் போய், மூடை மூடையாக அங்கே வந்து அடைந்து, பிறகு வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்குப் போகும். அந்த வருஷம் கொட்டகை கொள்ளவில்லை. துறைமுகம் வந்தபிறகு ஊரில் எந்த வீட்டைக் கேட்டாலும் "கிடங்காக்கிட்டோம்" என்றார்கள். பர்னபாஸின் கண் கிருபாநிதி குடியிருந்த வீட்டின் மாடியில் விழுந்தது. வீட்டுக்காரன் பாஸ்கல் தன் குடும்பத்தோடு வேறு தெருவுக்குப் போய்விட்டதால் மாடி காலியாக இருந்தது.

பாஸ்கல் யோசித்தான். அது அவன் தகப்பனார் கட்டிய வீடு. குடியிருக்கக் கட்டியது. அதில் கிடங்கா? தாங்குமா?

"யோசனை என்னத்துக்குலே?" என்றான் பர்னபாஸ். "கிருபாநிதி அண்ணாச்சி அந்த வீட்டுலதான இருக்காவ? ஒரு தட்டு தட்டச் சொல்லு."

ஒரு சனிக்கிழமை காலை எட்டுப் பேர் ஹாலில் கூடினார்கள். ஜெயபாய் எட்டுப் பேருக்கும் காப்பி போட்டாள். ஹாலின் நடுவில் மாடியின் பாரத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு நிற்கும் ஒற்றைத் தூண்தான் விசாரணைக்கு உரியது. கிருபாநிதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கையை மடித்தார். "யாரு கட்டுனது?" என்றார். பதினைந்து வருஷமாக அந்த வீட்டில் குடியிருக்கிறார், யார் கட்டியது என்று அவருக்குத் தெரியாதா? முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

முதல் தட்டு தட்டினார்.

'பொத்' என்றது.

இதை அந்த எட்டுப் பேரும் கவனிக்கவில்லை. கவனித்தது ஒரே ஒரு காது. அது கிருபாநிதியின் காது. நாற்பது வருஷமாகத் தட்டுகிறவருக்கு 'பொத்' தெரியாமல் போகுமா? ஓட்டைப் பானையின் சத்தம் அது, உள்ளே காரை விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் எட்டுப் பேர். காப்பி வேறு குடித்தாயிற்று. அவர் கையை ஒரு சாண் மேலே நகர்த்தி இரண்டாவது தட்டு தட்டினார். 'டங்' என்றது. இன்னும் கொஞ்சம் தள்ளி மூன்றாவது. அதுவும் 'டங்'. மூன்றுக்கு இரண்டு. தேர்தலாக இருந்தால் ஜெயித்த மாதிரிதான்.

"நூறு வருசம்" என்றார்.

"மூடை அடுக்கலாமா அண்ணாச்சி?" என்றான் பாஸ்கல்.

"ஏலே, மாதா தேர் வந்தப்ப உங்க மட்டப்பாவுல எத்தன பேரு ஏறி நின்னாங்க?"

"அது இருக்கும், இருநூறு பேரு. கீழ விழுந்துருவாங்களோன்னு அப்பா கத்திக்கிட்டே இருந்தாரு."

"ஒண்ணும் ஆச்சா?"

"ஆகலியே."

"பொறவென்ன?"

பொறவென்ன என்றால் பொறவென்னதான். எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். அந்த ஊரில் எந்த மாடியின் பலத்தையும் தேர்க் கூட்டத்தை வைத்துத்தான் அளப்பார்கள். தேர் பார்க்க ஆள் ஏறி நின்று விழாத மாடி, இனி எதற்கும் விழாத மாடி. எல்லோரும் போனபிறகு ஜெயபாய் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே, "மூடை மேல இருக்கும், நாம கீழ இருப்போம், அப்படித்தான?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒண்ணும் ஆகாது" என்றார் கிருபாநிதி.

மறுநாள் ஆராதனை முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு ஜெயபாயின் தம்பி மகன் செல்வதுரை வந்தான். சாத்தான்குளத்துப் பையன், என்ஜினியருக்குப் படித்தவன், துறைமுக வேலையில் ஒரு காண்டிராக்டரிடம் இருந்தான். அத்தை சொன்னதைக் கேட்டதும் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து, தன் மோட்டார் சைக்கிள் பையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்து வந்தான். தூணைத் தட்டினான். மூன்று தட்டோடு விட்டானா? கீழிருந்து மேலே, நாலு பக்கமும், ஒரு சாண் விடாமல் தட்டினான். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி உத்தரத்தைத் தட்டினான், தளத்தைத் தட்டினான். 'பொத்' என்ற இடத்திலெல்லாம் கரித்துண்டால் வட்டம் போட்டான். முடித்துவிட்டு இறங்கியபோது தூணுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. இதில் கிருபாநிதிக்கு எரிச்சலூட்டியது எது தெரியுமா? பயல் தட்டிவிட்டு ஒன்றுமே சொல்லவில்லை. தட்டிவிட்டு நோட்டில் எழுதினான். இப்படியும் ஒரு தட்டலா?

"மாமா, இது வீட்டுக்குன்னு போட்ட தளம்" என்றான் கடைசியில். "கட்டிலு, பீரோ, நாலு மனுசரு இதுகளைத் தாங்கத்தான் கம்பி கட்டியிருக்கும். சங்கு மூடைய நெஞ்சு உசரத்துக்கு அடுக்குனா அது மாதிரி அஞ்சு மடங்கு பாரம். போதாக்குறைக்கு கம்பி துரு ஏறி ஊதி, காரையை வெளிய தள்ளுது."

"அப்ப கிடங்கு ஆக்கவே கூடாதுங்கியா?"

"ஆக்கலாம் மாமா. முதல்ல பலப்படுத்தணும். தூணுல விட்டுப்போன காரையெல்லாம் கொத்தி எடுத்துட்டு, துருவைச் சுரண்டி, சுத்திப் புதுக் கம்பி கட்டி, காங்கிரீட்டுல ஒரு சட்டை போடணும். அஸ்திவாரத்தைத் தோண்டி அகலப்படுத்தணும். தளத்துக்கு அடியில ரெண்டு இரும்பு உத்தரம் கொடுக்கணும். பொறவு எவ்வளவு அடுக்கலாம்னு நான் எழுதித் தாரேன்."

கிருபாநிதி சிரித்தார். "தூணுக்குச் சட்டையா! உள்ள ஒரு பனியனும் போட்டுருவோமா?"

"விளையாட்டு இல்ல மாமா."

"ஏலே, இருநூறு பேரு ஏறி நின்ன மாடி இது."

"ஆளு எறங்கிருவான் மாமா. தேரு போனதும் எறங்கி வீட்டுக்குப் போயிருவான். சங்கு எறங்குமா?"

நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விக்குத் தட்டிப் பார்ப்பவர் இனத்தில் ஒரே பதில்தான் உண்டு: "நேத்துப் பொறந்த பய!" செல்வதுரை விடவில்லை, பாஸ்கலையே போய்ப் பார்த்தான். பாஸ்கல் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "கிருபாநிதி அண்ணாச்சி ஒரு வார்த்த சொல்லட்டும், நாளைக்கே வேலையை ஆரம்பிப்போம்" என்றான். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை. எப்படி வரும்? இன்று ஒரு தூண் சந்தேகம் என்று சொன்னால், நாளைக்குப் பவுல் வாத்தியார் வந்து, அப்போ என் வீடு என்று கேட்கமாட்டாரா? பள்ளிக்கூடத் தெரு கேட்காதா? நாற்பது வருஷத்து நூறு வருஷங்கள் அத்தனையும் வரிசையாக வந்து வாசலில் நிற்காதா?

மூடைகள் ஏறின.

முதல் வாரம் சாப்பிடும்போது சோற்றில் கொஞ்சம் மண் விழுந்தது. "பல்லி" என்றார் கிருபாநிதி. இரண்டாவது வாரம் படுக்கையறைக் கதவு பாதியில் இறுகி நின்றது. "மழைக்காலத்துல மரம் ஊறும்" என்றார். அப்போது சித்திரை மாதம். தெருவில் தார் உருகிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து சங்கின் கவிச்சி நாற்றம் இறங்கிக் குசினியின் அடுப்படிவரை வந்தது. கூடவே ஈரமும் இறங்கியது. நம்மவர் வாயால் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே கையால் தம் கட்டிலைத் தளத்தின் நடுவிலிருந்து சுவரோரத்துக்கு இழுத்தார். சில நாள் கழித்துச் சுவரோரத்திலிருந்து கதவோரத்துக்கு. அப்புறம் வராந்தாவுக்கு. "உள்ள காத்தே இல்ல" என்று காரணம் சொன்னார். ஜெயபாயின் கட்டிலையும் இழுக்கலாம்தான். ஆனால் இரண்டு கட்டிலும் வராந்தாவுக்கு வந்தால் தெரு என்ன நினைக்கும்? ஆகையால் காற்று அவருக்கு மட்டும் தேவைப்பட்டது. இதை நினைக்கும்போது அவருக்கே தம்மைப் பிடிக்கவில்லை. ஆனாலும் படுத்தார்.

ஒரு புதன்கிழமை மதியம் சந்தைக்குப் போய்விட்டு வந்தார். ஜெயபாய் பித்தளைத் தட்டில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். தம்ளருக்குப் பக்கத்தில் கையகலத்துக்கு ஒரு காரைத்துண்டு இருந்தது.

"என்னது?"

"என் தலையணையில கெடந்துச்சு. நான் குசினியில இருக்கும்போது விழுந்திருக்கு."

அவர் உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தார். தளத்தில் துருப்பிடித்த கம்பி இரண்டு வெளியே தெரிந்தது. அதிலிருந்து ஒரு கீறல் கிளம்பி, நேரே நடுத்தூணுக்குப் போயிருந்தது. ஜெயபாய் அவரைத் தாண்டி வந்து, தலையணையை உதறிப் போட்டு, அந்தக் கீறலுக்கு நேர் கீழே கட்டிலில் நீட்டிப் படுத்தாள்.

"என்ன செய்யுத?"

"ஊராரு வீட்டையெல்லாம் தட்டுனிய. இன்னிக்கு எனக்கு ஒரு தட்டு தட்டுங்க. நீங்க தட்டி நூறு வருசம்னு சொன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

கேலி பேசுகிறாளா என்று முகத்தைப் பார்த்தார். கேலி இல்லை. கிருபாநிதி தூணுக்குப் போனார். செல்வதுரை போட்ட கரிவட்டங்கள் அப்படியே இருந்தன. சிலவற்றில் காரையே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. விரலை மடக்கினார். கை தூணுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது. தட்டினால் அந்த அதிர்ச்சியிலேயே மேலே மிச்சமிருக்கும் காரை அவள்மேல் விழுந்துவிடுமோ என்று அவருக்குப் பயமாக இருந்தது. அவருக்கு ஜெயபாய் வேண்டும். இதை அவர் கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் சொன்னதில்லை. தமக்கே சொல்லிக்கொண்டதில்லை.

"ஏளா, எந்திரி" என்றார்.

"தட்டுங்க."

"எந்திரி ஜெயபாய். வெளிய வா."

"ஏன், அதுக்குள்ள நூறு வருசம் ஆயிட்டா?"

அவர் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "மூடை எறங்கட்டும், நானும் எறங்குதேன்" என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஒரு காலில் தம் செருப்பும் மறுகாலில் அவள் செருப்புமாகக் கிருபாநிதி அந்த வெயிலில் ஓடினார். ஓடும்போதும் அந்த இனத்துப் புத்தி எங்கே போகும்? வழி நெடுகச் சாக்குகள் தயாராயின. 'சங்கு இந்த வருசம் வழக்கத்தைவிடக் கனம்' என்பது ஒன்று. 'நான் சொன்னது அடுக்காத மாடிக்கு' என்பது ஒன்று. 'அந்தப் பய சுத்தியலால தட்டித் தட்டித்தான் தூணு கெட்டுப்போச்சு' என்பது எல்லாவற்றிலும் அருமையாக வந்தது. பர்னபாஸின் கொட்டகையில் பாஸ்கல் இருந்தான். பர்னபாஸ் இருந்தான். அன்றைக்குக் காப்பி குடித்த எட்டுப் பேரில் ஐந்து பேர் சங்குக் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்க அண்ணாச்சி" என்றான் பாஸ்கல். "என்ன இப்படி மூச்சு வாங்குது?"

கிருபாநிதி வாயைத் திறந்தார். சாக்கு ஒன்றுகூட வரவில்லை.

"பொத்துன்னுது பாஸ்கல்" என்றார். "முதல் தட்டுலயே பொத்துன்னுது. நான் கேட்டேன். கேட்டுட்டுத்தான் தள்ளித் தட்டுனேன். அவ அங்கன படுத்திருக்கா. மூடைய எறக்குங்கலே."

ஒருவரும் சிரிக்கவில்லை. முதலில் எழுந்து ஓடியது சங்குக்காரன் பர்னபாஸ்தான். பொழுது சாய்வதற்குள் அத்தனை மூடையும் தெருவுக்கு வந்தன. கடைசி மூடை படியிறங்கிய சத்தம் கேட்டபிறகே ஜெயபாய் எழுந்து, கொண்டையை முடிந்துகொண்டு, எல்லோருக்கும் காப்பி போடப் போனாள்.

மறுநாள் செல்வதுரை சவுக்குக் கம்பங்களால் தளத்துக்கு முட்டுக் கொடுத்தான். செந்தூர்பாண்டிக் கொத்தனார் உளியோடு வந்து தூணின் காரையைக் கொத்தினார். உள்ளே என்ன இருந்தது? கம்பி, கடித்துப் போட்ட கரும்புச் சக்கை மாதிரி இருந்தது. காங்கிரீட்டுக்குள்ளிருந்து சிப்பி சிப்பியாக உதிர்ந்தது. பாஸ்கலின் தகப்பனார், வாசலிலேயே மணல் கிடக்கிறதே என்று கடற்கரையிலிருந்து வண்டி வண்டியாக அள்ளிப் போட்டிருக்கிறார். மணலோடு உப்பும் வந்து, பதினைந்து இருபது வருஷமாக உட்கார்ந்து கம்பியைத் தின்றிருக்கிறது.

"அண்ணாச்சி, இந்தத் தூணையா தட்டுனிய?" என்றார் செந்தூர்பாண்டி, ஒரு சிப்பியை நீட்டி.

கிருபாநிதி அந்தச் சிப்பியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. அன்று மட்டும்.

அஸ்திவாரத்தைத் தோண்டி அகலப்படுத்தினார்கள். தூணைச் சுற்றிப் புது முறுக்குக் கம்பி நின்றது. பலகை அடைத்துக் காங்கிரீட் ஊற்றினார்கள். தளத்துக்கடியில் இரும்பு உத்தரம் ஏறியது. மூன்று வாரம் சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றினார்கள். எல்லாம் இறுகியபிறகு செல்வதுரை மாடிச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டு, 'இதற்குமேல் அடுக்காதே' என்று எழுதினான். பர்னபாஸ் கோட்டை மீறவில்லை. தூண் முன்னைப்போல் ஒன்றரை மடங்கு பருத்து, கல்யாண வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டவன் போல நடு ஹாலில் நின்றது. கட்டில் இரண்டும் உள்ளே வந்தன. பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள்.

இனி மனிதர் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஆறு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். தூணடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வந்தவர்களிடம் சொல்வார்: "நான் ஒருத்தன் அன்னிக்கு ஓடிப்போய்ச் சொல்லலேன்னா, பாஸ்கல் மூடைய எறக்கியிருப்பானா? சொல்லுங்க." சொல்வதில் பொய் ஒன்றும் இல்லையே, என்ன செய்வது? ஒரு பாதியைச் சொல்கிறார். மறுபாதி சட்டைப் பையில் இருக்கிறது. பிறகு விரலை மடக்கிப் புதுத் தூணை மூன்று தட்டு தட்டுவார். 'ணங்' என்னும். "நூறு வ..." என்று ஆரம்பிப்பார். குசினியிலிருந்து ஜெயபாய் ஓர் இருமல் இருமுவாள். "...செல்வதுரையைக் கேட்டுக்கிடுங்க" என்று முடிப்பார். அவ்வளவு முன்னேற்றம் இருக்கிறது. அதற்குமேல் அந்த இனத்திடம் எதிர்பார்க்கக் கூடாது.

நல்லவேளை, நீங்கள் அந்த இனம் இல்லை. நீங்கள் படித்தவர், நிதானமானவர், கேட்ட 'பொத்'தைக் கேட்டேன் என்று எட்டுப் பேர் நடுவில் சொல்லக்கூடியவர். இதைப் படிக்கும்போது உங்கள் தலைக்குமேல் ஒரு தளம் இருக்கிறதே, அதன்மேல் தண்ணீர்த் தொட்டி ஏற்றியபோதும், மேலே இன்னொரு மாடி எடுத்தபோதும் கணக்குப் போடத் தெரிந்தவனைக் கூப்பிட்டுத்தானே கேட்டீர்கள்? ஆமாம் என்கிறீர்கள். சரி, நம்புகிறோம். நடுவில் ஒரு நிமிஷம் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரோரம் போய் வந்தீர்களே, அது எதற்கு? தண்ணீர் குடிக்கவா? அதுவும் சரிதான். எங்கே, அந்த வலது கையைக் கொஞ்சம் காட்டுங்கள். நடுவிரல் மொளியில் ஏதோ வெள்ளையாக ஒட்டியிருக்கிறது.